புதுமனை புகுந்த பெருஞ்சிலந்தி

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலைப் பொழுதில், இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவர் ஒருவர் ஹார்லிக்ஸ் புட்டியொன்றைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நமது ஆய்வகத்திற்கு வந்தார். புட்டியினுள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி. உடலெங்கும் பழுப்பு நிற மயிர். விடுதிக்குப் பின்புறம் கல்லொன்றைப் புரட்டியபோது அகப்பட்டதாம். துறை முழுவதும் மகிழ்ச்சி. அனைவரும் காணவேண்டுமென்று புட்டியைச் சன்னல் திண்டின்மேல் வைத்தோம். காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்ததைப் பற்றி எவரும் எண்ணவில்லை. வணிகவியல் மாணவர்கள்கூட வந்து பார்த்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் நகத்தால் புட்டியைத் தட்டுவார், சிலந்தி முன்கால்களை உயர்த்தும், எல்லோரும் சிரிப்பர். கரப்பான் பூச்சி ஒன்றைப் போட்டோம், தின்னவில்லை. மறுநாள் இன்னொன்றைப் போட்டோம். மூன்றாம் நாள் தட்டியபோது அது கால்களை உயர்த்தவில்லை. நான்காம் நாள் காலையில் எட்டுக் கால்களும் மூடிய விரல்களைப்போல் உடலுக்கடியில் மடங்கியிருக்கக் கண்டோம்.

"பயத்திலேயே செத்துப் போச்சு" என்றார் ஒருவர். ஆய்வகப் பணியாளர் மட்டும் புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏதாச்சும் வெச்சீங்களா சார்?" என்று கேட்டார். எவரும் வைக்கவில்லை. அச்சிலந்தி இன்றும் நமது அருங்காட்சியகப் பேழையில் சாராயக் கரைசலில் இருக்கிறது. பிடித்த இடமும் நாளும் சீட்டில் உள்ளன. எதனால் இறந்தது என்பதற்குச் சீட்டில் இடமில்லை.

இதன் பின்னர் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆய்வு செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு வகுப்பில் காட்டுவதற்கென்று கடையிலிருந்து ஒரு பெண் டரன்டுலாவை வாங்கி வந்தனர். இந்தியாவிலிருந்து வந்தவர் வெப்பநாட்டு உயிர்களை அறிந்தவராக இருப்பார் என்று எண்ணினார்களோ என்னவோ, அதைப் பேணும் பொறுப்பை எனக்களித்தனர். புட்டிக்கதையை நான் அவர்களிடம் கூறவில்லை. அந்த ஓராண்டில் நான் கண்டவற்றையும், அதற்குத் துணையாகப் படித்தவற்றையும் கொண்டு, புதிதாக வாங்கப்பட்ட ஒரு டரன்டுலா தன் புதிய இல்லத்தில் எவ்வாறு நிலைகொள்கிறது, நாம் அதற்கு எவ்வாறு உதவலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். டரன்டுலா என்பது உண்மையில் ஓர் ஆள்மாறாட்டப் பெயர். இத்தாலி நாட்டின் தெற்கிலுள்ள தாரந்தோ என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்பட்டது ஓர் ஓநாய்ச் சிலந்தி. அது கடித்தால் விடாமல் ஆடினால்தான் நஞ்சு நீங்கும் என்று அவ்வூர் மக்கள் நம்பினர். தாரந்தெல்லா என்னும் நடனத்தின் பெயரும் அவ்வழி வந்ததே. பின்னர் அமெரிக்கா சென்ற ஐரோப்பியர் அங்குக் கண்ட பெரிய மயிரடர்ந்த சிலந்திகளுக்கு அப்பெயரைச் சூட்டினர். இன்று தெரபோசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இப்பெயரைத் தாங்குகின்றன. என் பொறுப்பில் விடப்பட்டது சிலி நாட்டு ரோசாச் சிலந்தி. கிராம்மோஸ்டோலா ரோசியா என்பது அதன் அறிவியல் பெயர், 1837-ல் விவரிக்கப்பட்டது. கால்களை விரித்தால் 12 அல்லது 13 சென்டிமீட்டர் அகலம். மண்ணிறத்தின்மேல் இளஞ்சிவப்பு மெருகு. பார்க்க அழகானது, மெல்ல நடப்பது, விலையும் அக்காலத்தில் குறைவாக இருந்தது. ஆகவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதன்முதலாகச் சிலந்தி வளர்க்க விரும்புவோர் பலகாலம் இதையே வாங்கினர். கடைகளுக்கு வந்தவற்றுள் பெரும்பாலானவை சிலியின் வறண்ட புதர்க்காடுகளில் பிடிக்கப்பட்டு, சிறு டப்பாக்களில் அடைக்கப்பட்டு விமானத்தில் வந்தவை என்பதை வாங்குவோரிற் பலர் அறிந்திருக்கவில்லை.

இங்கே ஒன்றை நன்கு உணரவேண்டும். நாய்க்குட்டியைப் புதிய வீட்டிற்குக் கொண்டுவந்தால் அது தாயைத் தேடி இரண்டு இரவு அழும். பின்னர் நம்மை உறவாகக் கொள்ளும். சிலந்திக்கு உறவு கிடையாது, இடம்தான் உண்டு. பெண் டரன்டுலாவுக்கு அதன் வளையே உலகம். வளையின் வாயில் சில இழைகளை விரித்து, இரவில் அதன் விளிம்பில் கால்களை ஊன்றி அமர்ந்திருக்கும். இழை அதிர்ந்தால் பாயும். இரையுடன் உள்ளே திரும்பும். துணை தேடி அலைவது ஆண் மட்டுமே. அர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் பேர்க் என்பவர் அம்மாநிலத்து டரன்டுலாக்களைப் பல்லாண்டுகள் வளர்த்தும் வயல்வெளியில் கண்டும் 1958-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவை முதிர்ச்சி அடையவே ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகும் என்றும், பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும் என்றும் அவர் கண்டார். டரன்டுலாவின் தூரத்து உறவான மூடிவளைச் சிலந்தி இதனினும் வியப்பானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்னும் அம்மையார் 1974-ல் தொடங்கிய ஆய்வில் 16 என்று எண்ணிடப்பட்ட பெண் சிலந்தி, தன் ஒரே வளையில் 43 ஆண்டுகள் வாழ்ந்து 2016-ல் இறந்தது. அதுவும் மூப்பினால் அன்று. குளவியொன்றின் தாக்குதலினால் என்று கருதுகின்றனர்.

இத்தகைய உயிரை அதன் வளையிலிருந்து தோண்டியெடுத்து, கடல் கடந்து கொண்டுவந்து, கண்ணாடிப் பெட்டியொன்றில் விட்டுவிட்டு, அன்று மாலையே அது இரை தின்னவில்லையே என்று கவலைப்படுகிறோம்!

அதன் உலகம் எத்தகையது என்று அறிந்தால் நம் செயல்கள் பல தவறென விளங்கும். அதற்குக் கண்கள் எட்டு. ஆனால் ஒளியையும் இருளையும் பிரித்தறிவதற்கு மேல் அவற்றால் அதிகப் பயனில்லை. அது உலகை அறிவது மயிராலும் காலடியாலுமே. காற்றின் மெல்லிய அசைவையும் உணரும் நுண்மயிர்கள் கால்களில் உள்ளன. தரையின் அதிர்வைப் பாதங்கள் உணரும். ஆதலால் கண்ணாடியில் நாம் நகத்தால் தட்டுவது அதற்கு ஓசையன்று, நிலநடுக்கம். நமது புட்டிச்சிலந்தி முன்கால்களைத் தூக்கியது விளையாட்டுக்கன்று. "கொல்ல வருகிறாய், நானும் கொல்வேன்" என்று கூறியது. இரண்டு நாட்கள் ஓயாமல் அது அவ்வாறு கூறிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே பெட்டியை வைக்கும் இடமே முதல் உதவியாகும். ஓங்கிச் சாத்தப்படும் கதவின் அருகிலோ, ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலோ, குளிர்சாதனப் பெட்டியின் மேலோ அதை வைத்தலாகாது. வெயில் படும் சன்னலைப் பற்றி நான் கூறவேண்டியதில்லை. கண்ணாடிப் பெட்டி வெயிலைச் சிறைப்பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் உள்ளே அடுப்பாகிவிடும்.

பெட்டி பெரிதாக இருக்கவேண்டும் என்று நாம் நினைப்பது மனித இயல்பு. சிலந்திக்கு மாளிகை வேண்டாம். நீளமும் அகலமும் அதன் கால் விரிவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். உயரமோ ஆபத்து. தரைவாழ் டரன்டுலாவின் வயிறு தோற்பையில் நீர் நிரப்பியது போன்றது. அரை மீட்டர் உயரத்திலிருந்து கடினமான பொருளின்மேல் விழுந்தாலும் வயிறு வெடித்து உயிர் போகக்கூடும். புதிய இடத்திலோ அது முதல் சில இரவுகள் சுவரேறித் திரியும். எனவே பெட்டியின் பாதிக்கு மேல் மண் நிரப்பி, மண்ணுக்கும் மூடிக்கும் இடையே கால் விரிவைவிடச் சற்றே அதிகமான இடைவெளி மட்டும் விடுவது அறிந்தோர் வழக்கம். கூரான கற்களும் அழகுப் பொருள்களும் உள்ளே கூடா. கம்பிவலை மூடியில் காலின் நகம் சிக்கிக்கொள்ளும். துளையிட்ட தகட்டு மூடியே நல்லது. பூட்டோ கொக்கியோ கட்டாயம் வேண்டும். பெருஞ்சிலந்தியின் வலிமையை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

மண் என்றேன். அங்குள்ளோர் பெரிதும் பயன்படுத்துவது நம் தென்னை நார்த்தூள்! செங்கல்போல் அழுத்திக் கட்டிய நார்த்தூள் கட்டியை முதன்முதலாக அந்த ஆய்வகத்தில் கையில் வாங்கியபோது, பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிற்று ஆலைகளின் வெளியே ஒருகாலத்தில் குன்றுகளாகக் கொட்டிக் கிடந்த கழிவு என் நினைவுக்கு வந்தது. இன்று அது பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகெங்கும் செல்லும் சரக்கு. நீரில் ஊறவைத்தால் பலமடங்கு பெருகும். எளிதில் பூசணம் பிடிக்காது. ஆனால் ஒரு தவறு பலரும் செய்வது: ஊறவைத்த ஈரத்தோடு அப்படியே பெட்டியில் பரப்பிவிடுவர். சிலி ரோசாச் சிலந்தி வறண்ட நிலத்து உயிர். ஈரமண்ணில் விட்டால் எட்டுக் கால்களின் நுனியிலும் உயர்ந்து நிற்கும். அல்லது சுவரில் தொங்கிக்கொண்டு இறங்க மறுக்கும். நாங்கள் நார்த்தூளைத் தாளில் பரப்பி ஒருவாரம் உலர்த்தினோம். கையில் பிடித்தால் ஒட்டாமல் உதிரும் பதம் வந்த பின்னரே நிரப்பி, கையால் அழுத்திக் கெட்டிப்படுத்தினோம். மழைக்காட்டு இனங்களுக்கு இதற்கு மாறாக ஈரம் வேண்டும். எனவே வாங்கும்போதே இனத்தின் பெயரைக் கேட்டு அறிவது இன்றியமையாதது. "சிலந்தி" என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்காமலிருப்பதே நலம்.

ஒரு மூலையில் வளைந்த மரப்பட்டைத் துண்டைப் பாதி புதைத்து, அதன் கீழ் கட்டைவிரலால் சிறு குழி தோண்டி வைத்தோம். இது அதன் வளைக்கு நாம் போடும் அடிக்கல். எதிர்மூலையில் தாழ்ந்த ஒரு நீர்க்கிண்ணம். நீர்க்கிண்ணத்தில் பஞ்சை ஊறவைக்கும் பழக்கம் கடைக்காரர்களிடம் இருந்தது. சிலந்தி மூழ்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். சிலந்தி மூழ்காது. பஞ்சுதான் அழுகிக் கிருமிகளை வளர்க்கும். வெப்பவிளக்கும் வேண்டாம். நமக்குச் சட்டையுடன் இருக்க இதமான அறைவெப்பம், அதாவது 20 முதல் 25 பாகை வரை, இவ்வினத்திற்குப் போதும். விளக்கு வெப்பம் உடலின் நீரை உறிஞ்சிவிடும்.

நீரைப் பற்றி இத்துணை வலியுறுத்தக் காரணம் சிலந்தியின் கால் அமைப்பிலேயே உள்ளது. நம் கையை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. சிலந்திக் காலின் இரண்டு முக்கிய மூட்டுகளில் மடக்கும் தசை மட்டுமே உண்டு. நீட்டும் தசை இல்லை. உடல் நீரை அழுத்தத்துடன் காலுக்குள் செலுத்தியே அது காலை நீட்டுகிறது. தெருக்குழாயில் மாட்டிய ரப்பர் குழாய், நீர் திறந்தவுடன் விறைத்து நிமிர்வதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதைப் போன்றதே இது. உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தசைகள் இழுக்கக் கால்கள் உள்நோக்கி மடங்கும். ஹார்லிக்ஸ் புட்டியில் நாங்கள் கண்ட மூடிய விரல்களின் பொருள் இதுவே. ஆய்வகப் பணியாளர் ஒரே கேள்வியில் கண்டதை நான் நூல்களில் படித்து அறிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

இனி, சிலந்தியைப் பெட்டிக்கு மாற்றும் முறை. அங்கிருந்த ஆய்வக உதவியாளர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், இதில் கைதேர்ந்தவர். மாலையில், அறைவிளக்கைத் தணித்துவிட்டு, கடை டப்பாவை அப்படியே பெட்டிக்குள் படுக்க வைத்து மூடியைத் திறந்தார். பத்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு ஓவியத் தூரிகையொன்றால் அதன் பின்காலை மெல்லத் தொட்டார். ஓரடி நகர்ந்தது. மீண்டும் தொட்டார். இவ்வாறு கால்மணி நேரத்தில் தானே வெளியேறி மண்மீது நின்றது. நான் ஆர்வத்தில் குனிந்து பார்த்தபோது என் மூச்சு அதன்மேல் பட்டது. உடனே அது பின்கால்களால் வயிற்றின் மேற்புறத்தைத் தேய்த்தது. உதவியாளர் என் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தார்.

அவர் இழுத்ததன் காரணம் இது. அமெரிக்கக் கண்டத்து டரன்டுலாக்களிற் பெரும்பாலானவற்றின் வயிற்றில் முள்போன்ற நுண்மயிர்கள் பல்லாயிரம் உள்ளன. அச்சுறுத்தினால் அவற்றைத் தேய்த்துக் காற்றில் வீசும். தோலில் பட்டால் நம் ஊர்க் கம்பளிப்பூச்சி பட்டதுபோல் அரிக்கும். கண்ணில் பட்டால் நிலைமை வேறு. 2009-ல் லீட்ஸ் நகரில் 29 வயது இளைஞர் ஒருவர் மூன்று வாரங்களாகச் சிவந்து நீர்வடியும் கண்ணுடன் மருத்துவரிடம் வந்தார். நுண்ணோக்கியில் பார்த்தபோது விழிவெண்படலத்தில் மெல்லிய மயிர்கள் தைத்திருக்கக் கண்டனர். சிலி ரோசாச் சிலந்தியின் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது தன்மேல் எதையோ வீசியது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மயிர்கள் இடுக்கியால் எடுக்க இயலாத அளவு நுண்ணியவை. நெடுநாள் சொட்டு மருந்தே கதி. எனவே பெட்டிக்குள் கைவிடும்போது கண்ணாடி அணிவதும், பின்னர்க் கைகழுவாமல் கண்ணைத் தொடாதிருப்பதும் நன்று. இதைச் சிலந்தியின் தீய குணம் என்று எண்ணலாகாது. வயிற்றில் வழுக்கை விழும் அளவுக்கு ஒரு சிலந்தி மயிரை உதிர்த்திருந்தால், அதைப் பலர் பலமுறை அச்சுறுத்தியிருக்கின்றனர் என்பதற்கு அதுவே சான்று. எங்களிடம் வந்ததன் வயிற்றில் எட்டணா நாணய அளவுக்கு வழுக்கை இருந்தது.

பெட்டியை மூடியபின் உதவியாளர் எனக்கிட்ட கட்டளை ஒன்றுதான்: இரண்டு வாரத்திற்கு ஒன்றும் செய்யாதே, நீர்க்கிண்ணத்தை மட்டும் பார். எளிய கட்டளை எனத் தோன்றும். என் ஆசிரிய வாழ்வில் இதனினும் கடினமான ஒன்றை நான் கடைப்பிடித்ததில்லை.

என் குறிப்பேட்டிலிருந்து சில வரிகளை இங்குத் தருகிறேன். முதல்நாள்: பட்டைக்கு எதிர்மூலையில் ஒடுங்கியிருக்கிறது, முன்கால்கள் முகத்தின்மேல் போர்த்தியுள்ளன, உயிருடன் உள்ளதா? இரண்டாம் நாள்: அவ்வாறே. மூன்றாம் நாள் இரவு: சுவரோரமாகப் பெட்டியை நான்கு முறை சுற்றியது. ஐந்தாம் நாள்: இரவெல்லாம் கண்ணாடிமேல் ஏறி இறங்கியிருக்கிறது, தப்ப முயல்கிறதா? ஆறாம் நாள்: முகத்தைக் கிண்ணத்தில் அமிழ்த்தி இருபது நிமிடம் நீர் அருந்தியது. எட்டாம் நாள்: பட்டையின் மேல் அமர்ந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. பதினோராம் நாள்: மண்மீது மெல்லிய இழைப்படலம்.

இவற்றுள் எதுவும் நோயன்று. முகத்தைப் போர்த்தி ஒடுங்குதல் அச்சத்தின் அடையாளம். சுற்றுவது புதிய நிலத்தை அளப்பது. வளர்ப்போர் பலர் இந்த முதல் பத்து நாட்களில்தான் தவறு செய்கின்றனர். ஒடுங்கியிருப்பதைக் கண்டு குளிரோ என்று விளக்கை ஏற்றுவர். அலைவதைக் கண்டு இடம் போதவில்லையோ என்று பெரிய பெட்டிக்கு மாற்றுவர். மறைவிடத்தில் புகாததைக் கண்டு கையால் தள்ளிப் புகுத்துவர். ஒவ்வொரு திருத்தமும் சிலந்தியை முதல்நாளுக்கே திருப்பிக் கொண்டுபோய் விடுகிறது. உண்மையில் அஞ்சவேண்டிய நிலை ஒன்று உண்டு: நின்றபடியே கால்கள் உடலுக்கடியில் சுருண்டு, வயிறும் சுருங்கித் தோன்றுவது. அப்போது காலம் தாழ்த்தாமல் அதன் முகம் நீரில் படும்படி, ஆனால் வயிற்றின் அடிப்புறத்திலுள்ள ஏட்டு நுரையீரல்களின் வாய் நீரில் படாதபடி, தாழ்ந்த கிண்ணத்தின் விளிம்பில் அமர்த்தவேண்டும். சில பிழைப்பதுண்டு.

உணவுக்கு வருவோம். முதல் ஒரு வாரத்திற்கு இரை இடவே கூடாது. பின்னர் அதன் வயிற்றினும் சிறிய சுவர்க்கோழி ஒன்றை மாலையில் விட்டுப் பார்க்கலாம். வயலில் பிடித்தவற்றில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். எனவே வளர்த்த பூச்சிகளே பாதுகாப்பானவை. பூச்சிமருந்து என்றதும் இன்னொன்று: கொசுவிரட்டியும், நாய் பூனைகளின் உண்ணிக்குப் பூசும் மருந்தும் சிலந்திக்கும் நஞ்சே. அம்மருந்தைத் தொட்ட கையால் பெட்டியைத் தொடலாகாது. பன்னிரண்டாம் நாள் நான் விட்ட சுவர்க்கோழியைக் கண்டு அந்தப் பெருஞ்சிலந்தி மூலைக்கு ஓடியது! வேட்டையாடும் விலங்கு இரையைக் கண்டு அஞ்சுவதை முதன்முறையாகப் பார்த்தேன். மறுநாள் காலை சுவர்க்கோழியை எடுத்துவிட்டேன். உண்ணாத இரையை ஒரு நாளுக்கு மேல் உள்ளே விடலாகாது.

உண்ணாமை பற்றிய அச்சமே புதியவர்களைப் பெரிதும் வாட்டுவது. நாம் மூன்று வேளை உண்பவர்கள். பட்டினி என்றால் சாவு என்று எண்ணுகிறோம். சிலி ரோசாச் சிலந்தியோ நோன்பிருப்பதில் பெயர்பெற்றது. கொழுத்த வயிறுடைய வளர்ந்த பெண், நீர் மட்டும் அருந்திப் பல மாதங்கள் இருக்கும். ஓராண்டைக் கடந்து நோன்பிருந்து பின்னர் ஒன்றுமே நடவாததுபோல் உண்டவையும் உண்டு. தென்கோளத்திலிருந்து வந்த உயிர்க்கு நம் கோடை அதன் குளிர்காலம். பருவம் தலைகீழான குழப்பமும் இந்நோன்புக்கு ஒரு காரணம் என்பர். வயிறு சுருங்காதவரை கவலை வேண்டாம். எங்களுடையது இருபத்தாறாம் நாள் முதல் இரையை ஏற்றது. அடுத்தடுத்து ஐந்து உண்டது. பின்னர் நான்கு மாதங்கள் எதையும் தொடவில்லை.

அந்நான்கு மாத நோன்புக்கு வேறு காரணம் இருந்தது. வயிற்றின் வழுக்கைப் பகுதி இளஞ்சிவப்பிலிருந்து நாள்தோறும் கறுத்து வந்தது. அடியில் புதிய மயிர் முளைத்திருப்பதன் அறிகுறி அது. ஒருநாள் காலை ஆய்வகத்திற்குள் நுழைந்தபோது சிலந்தி மல்லாந்து கிடந்தது. என் நெஞ்சு ஒருகணம் நின்றது. ஹார்லிக்ஸ் புட்டி கண்முன் வந்தது. கை பெட்டியின் மூடிக்குச் சென்றுவிட்டது. ஆனால் இறக்கும் சிலந்தி பெரும்பாலும் குப்புறக் கிடந்தே இறக்கும். மல்லாந்து கிடப்பது சட்டையுரிப்பதற்கு. இதைப் படித்திருந்தும் கையை எடுக்க எனக்கு மனம் வர நேரமாயிற்று. மல்லாந்த சிலந்தி செத்ததென்று கருதிக் குப்பையில் எறிந்தவர்களும், உதவுவதாக எண்ணிப் புரட்டிப் போட்டுக் கொன்றவர்களும் உண்டு. சில மணி நேரத்தில் பழைய ஓட்டின் தலைமூடி திறந்து, கையுறையிலிருந்து விரல்களை உருவுவதுபோல் ஒவ்வொரு காலையும் உருவிக்கொண்டு அது வெளிவந்தது. நச்சுப்பற்கள் வெள்ளையாக, மெழுகுபோல் மென்மையாக இருந்தன. அப்போது பெட்டியில் ஒரு சுவர்க்கோழி இருந்திருந்தால் அதுவே சிலந்தியைத் தின்றிருக்கும். பற்கள் கறுத்து இறுகும்வரை, ஏறத்தாழ பத்து நாட்கள், மீண்டும் நீர் மட்டுமே. வழுக்கை மறைந்து வயிறெங்கும் புதுமயிர் படர்ந்திருந்தது.

கையில் எடுத்துக் கொஞ்சலாமா என்று மாணவர்கள் கேட்பர். சிலந்திக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விழுந்தால் சாவு உண்டு. டரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட செய்தி இல்லை. சிலி ரோசாவின் கடி குளவிக்கொட்டு அளவே. ஆனால் இதை எல்லா இனத்திற்கும் பொருத்திவிடக் கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் போயசிலோதீரியா என்னும் மரவாழ் டரன்டுலாக்களுக்கு வீசும் மயிர் இல்லை. அதற்கு ஈடாக விரைவும் கடுமையான நஞ்சும் உண்டு. கடிபட்டவர் நாட்கணக்கில் தசைப்பிடிப்பால் வருந்துவர்.

இப்போயசிலோதீரியாக்கள் நம் மண்ணின் செல்வம். ஆந்திராவின் குத்தி என்னும் ரயில் சந்திப்பில் கிடைத்த ஒன்றைக் கொண்டு 1899-ல் விவரிக்கப்பட்ட நீலநிறச் சிலந்தி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் நூறாண்டு கழித்தே மீண்டும் காணப்பட்டது. 2008-ல் அது மிக அருகிய இனமென்று அறிவிக்கப்பட்டது. ஆனால் ஐரோப்பிய, அமெரிக்க வளர்ப்போரின் பெட்டிகளில் அது தாராளமாக இருக்கிறது! 2019-ல் இப்பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2022-ல் திருத்தப்பட்டு அப்பட்டியல் உயிர்களையும் தன்னுள் கொண்டது. எனவே விடுதிக்குப் பின்னுள்ள கற்களை இனிப் புரட்டவேண்டாம் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். புரட்டினாலும் கல்லை முன்பிருந்தபடியே மெல்ல வைத்துவிடுங்கள். புட்டியுடன் என்னிடம் வரவேண்டாம்.

மீண்டும் அந்தப் பெட்டிக்கு வருகிறேன். சிலந்தி நிலைகொண்டுவிட்டது என்பதை எப்படி அறிவது? இரை உண்டதை வைத்து அன்று. பசித்த உயிர் எங்கும் உண்ணும். பத்தொன்பதாம் நாள் காலையில் சிலந்தியைக் காணோம். மரப்பட்டையின் வாயில் நார்த்தூள் குவிந்திருந்தது. நான் கட்டைவிரலால் தோண்டிய குழியைத் தன் விருப்பப்படி ஆழமாக்கி, தோண்டிய மண்ணை வெளியே தள்ளியிருந்தது. அடுத்த வாரத்தில் அவ்வாயிலைச் சுற்றி வெண்ணிற இழை படர்ந்தது. இரவில் அதன் விளிம்பில் நான்கு பாதங்கள் மட்டும் தெரியும். கதவு சாத்தும் அதிர்வில் அவை உள்ளிழுக்கும்; சற்று நேரத்தில் மீண்டும் வரும். முன்போல் மயிர் வீசவில்லை; முன்கால் தூக்கவில்லை. உள்ளே போக இடமுள்ளவனுக்குச் சண்டை எதற்கு?

முதல் இரை உண்ட மறுநாள் நீர்க்கிண்ணத்தில் கறுப்பாகப் பட்டாணி அளவில் ஓர் உருண்டை கிடந்தது. தின்று எஞ்சிய சக்கையைச் சிலந்தி உருட்டிக் கொண்டுவந்து அங்குப் போட்டிருந்தது. உதவியாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். வீட்டில் குப்பைத்தொட்டி எங்கே என்று முடிவு செய்துவிட்டாள் என்றார். நான் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, புதுநீர் ஊற்றி, முன்பிருந்த இடத்திலேயே வைத்தேன்.